கூட்டல் பக்கம் இடமில்லாத அளவுப் பட்டியல்: திருப்பூரிலிருந்து அமெரிக்கா போன குழந்தைகள் இரவு உடை

பின்னணி

இது திருப்பூரில் உள்ள நடுத்தர அளவுப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நடந்தது. பல வருடமாக ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் அனுப்பி வந்தவர்கள். அதெல்லாம் பையிங் ஹவுஸ், அதாவது வெளிநாட்டு வாங்குநருக்காக இங்கே கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் இடைநிலை நிறுவனம், வழியாகப் போன ஆர்டர்கள் என்பதால், எந்தச் சோதனை, எந்த லேபிள் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தொழிற்சாலை தைத்து அனுப்பினால் போதும்.

இந்த முறை ஆர்டர் நேரடியாக வந்தது. அமெரிக்காவில் இணையத்தில் மட்டும் விற்கும் ஒரு சிறிய பிராண்டு, 12 மாதக் குழந்தை முதல் 6 வயது வரைக்கும் பருத்தி பைஜாமா செட் கேட்டது. முழுக்கை மேலாடை, பேண்ட், நெஞ்சில் நிலாவும் நட்சத்திரமும் அச்சு. பெண் குழந்தைகள் மாடலுக்குத் தோளில் ஃபிரில், பேண்ட் அடியில் கொஞ்சம் அகலம். துணி 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை), இன்டர்லாக் என்ற பின்னல் வகை. ஆர்டர் மெயிலின் கடைசி வரியில், ஷிப்மெண்டுக்கு முன் சிபிசி அனுப்பவும் என்று இருந்தது.

சிபிசி என்பது அமெரிக்காவில் குழந்தைகள் பொருட்களுக்குக் கட்டாயமான பாதுகாப்புச் சான்றிதழ். நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைக் கையாளும் அலுவலர், இதை ஓகோ-டெக்ஸ் என்ற ஜவுளிப் பாதுகாப்புச் சான்று மாதிரி ஒன்று என்று எடுத்துக்கொண்டார். லேப், அதாவது ஆய்வகத்தில் சாம்பிள் கொடுத்தால் ஒரு காகிதம் வரும், அதைப் பையருக்கு (வாங்கும் பிராண்டுக்காரருக்கு) அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். அதை வைத்தே காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு போட்டார்கள், டெலிவரி தேதியும் ஒத்துக்கொண்டார்கள். சோதனைச் செலவுக்குக் காஸ்டிங் ஷீட்டில் ஒரு சிறு தொகை மட்டும். தர ஆவணங்களைப் பார்த்துத் தரச் சொல்லி நிறுவனம் என்னை வெளியிலிருந்து அழைத்தது அதற்குப் பிறகு, முதல் லேப் ரிப்போர்ட் வந்த சமயத்தில்தான்.

சட்டம் கேட்பது என்ன

2008-இல் அமெரிக்காவில் வந்த நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருட்களைத் தனியாகப் பிரித்தது. அவற்றுக்கு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அதாவது சிபிஎஸ்சி, ஏற்றுக்கொண்ட மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதனை நடக்க வேண்டும். அந்த முடிவுகளை வைத்துச் சான்றிதழ் எழுத வேண்டும். சான்றிதழை ஆணையம் தராது, லேபும் தராது. வெளிநாட்டில் தைத்த பொருள் என்றால் அமெரிக்க இறக்குமதியாளர்தான் தன் பெயரில் எழுதி, தன் பொறுப்பில் கொடுக்க வேண்டும்.

இரவு உடை என்றால் கூடுதலாக ஒரு விதி உண்டு. குழந்தைகள் தூங்கும்போது போடும் துணி சட்டெனத் தீப்பிடிக்கக் கூடாது என்று 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் தரநிலை கொண்டுவந்துவிட்டார்கள். துணியை 50 முறை துவைத்த பிறகும், 3 விநாடி தீ பட்டால் ஐந்து துண்டுகளில் கருகும் நீளத்தின் சராசரி 7 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சாதாரணப் பருத்தி இதில் தேறவே தேறாது. அப்போது பல உற்பத்தியாளர்கள் ட்ரிஸ் என்ற தீத்தடுப்பு ரசாயனத்தைத் துணியில் ஏற்றினார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று தெரிந்ததும் 1977-இல் தடை வந்தது.

1996-இல் விதி ஒரு வழி விட்டது. உடை உடம்போடு ஒட்டி இருந்தால் தீத்தடுப்புச் சோதனை வேண்டாம். உடைக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று குறைவு, தொங்கி அடுப்பிலோ மெழுகுவர்த்தியிலோ படும் வாய்ப்பும் குறைவு என்பது காரணம். ஆனால் எவ்வளவு ஒட்டி என்பதை அவரவர் முடிவுக்கு விடவில்லை. மார்பு, இடுப்பு, சீட் (பின்புறம்), மேல்கை, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஏழு இடங்களுக்கு, ஒவ்வொரு சைஸுக்கும் உச்ச அளவு பட்டியலாகவே இருக்கிறது. கையும் காலும் மேலிருந்து கீழாகக் குறுகிக்கொண்டே வர வேண்டும். அலங்காரம் எதுவும் தைத்த இடத்திலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

முதலில் தெரிந்தவை

கோப்பைப் புரட்டியதும் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, லேபுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் பயன்பாடு என்ற கட்டத்தில் பகல் உடை என்று எழுதியிருந்தது. பையர் மெயிலில் அப்படி எழுதச் சொல்லியிருந்தார். வீட்டில் சும்மா இருக்கும்போது போடும் உடை, லவுஞ்ச்வேர் என்பது அவர் வாதம். லேப் அதை நம்பி இரவு உடைக்கான எந்தச் சோதனையும் செய்யவில்லை. விண்ணப்பதாரர் சொன்ன பயன்பாட்டின் அடிப்படையில் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போட்டு, தன் பக்கத்தைப் பாதுகாத்துக்கொண்டது.

இரண்டாவது, அந்த லேபுக்கு ஆய்வகங்களுக்கான இந்திய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருந்தது. ஆனால் சிபிஎஸ்சி பட்டியலில் எல்லா விதிகளுக்கும் அதன் பெயர் இல்லை. ஆணையம் ஆய்வகங்களை ஒட்டுமொத்தமாக ஏற்பதில்லை. எந்த ஊர்க் கிளை, எந்த விதிக்கு என்று தனித்தனியாகத்தான் ஏற்கிறது. ஈயச் சோதனைக்குப் பட்டியலில் இருக்கும் லேப், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட் ரசாயனங்களுக்கான சோதனைக்கு இல்லாமல் போகலாம். பட்டியல் ஆணையத்தின் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது, தேவையில்லாத சோதனைகளுக்குப் பணம் போயிருந்தது. சாயம் போட்ட பருத்தித் துணிக்கு ஈயச் சோதனை செய்திருந்தார்கள். சாயமேற்றிய ஜவுளிக்கு அது வேண்டியதில்லை என்று ஆணையமே விலக்கு கொடுத்திருக்கிறது. அதன்மேல் போடும் அச்சு, பட்டன், ஜிப் ஆகியவற்றுக்குத்தான் விலக்கு இல்லை. இவர்கள் துணியைச் சோதித்துவிட்டு, அச்சை விட்டுவிட்டார்கள்.

பகல் உடையா, இரவு உடையா

முதல் முடிவு இதில்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதலாளிக்குத் தயக்கம். பையரே பகல் உடை என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது நாம் எதற்கு வம்பை இழுக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. சான்றிதழில் கையெழுத்து இறக்குமதியாளருடையது.

ஆனால் ஆணையம் உடையின் மேல் ஒட்டிய பெயரை மட்டும் பார்ப்பதில்லை. உடை தூங்கப் பொருத்தமானதா, எப்படி விளம்பரம் செய்கிறார்கள், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்யும். பையர் அனுப்பியிருந்த ஹேங்டேக் (உடையில் தொங்கும் அட்டை) டிசைனைத் திறந்து பார்த்தோம். படுக்கை நேரம் என்ற வார்த்தை பெரிய எழுத்தில் இருந்தது. நெஞ்சில் நிலா வேறு. இதைப் பகல் உடை என்று யாரிடமும் வாதாட முடியாது. ஆணையத்தின் மீட்பு அறிவிப்புகளைத் திருப்பினால், தீப்பற்றும் தரநிலையை மீறியதாகத் திரும்பப் பெறப்பட்ட குழந்தைகள் பைஜாமாக்கள் அடிக்கடி கண்ணில் படும். அப்படி ஒன்று நடந்தால் கையெழுத்துப் போட்டவர் அமெரிக்காவில் மாட்டுவார், அடுத்து அவர் இங்கே பணத்தை நிறுத்துவார். முதலாளி ஒத்துக்கொண்டது இந்த இரண்டாவது பாதியைக் கேட்டுத்தான்.

இரவு உடை என்று எடுத்துக்கொண்டால் மூன்று வழி. பாலியஸ்டருக்கு மாறலாம், ஆனால் பிராண்டு விற்பதே பருத்தி என்ற பெயரில். பருத்திக்குத் தீத்தடுப்பு ஏற்றலாம், ஆனால் 50 துவைப்பு தாங்க வேண்டும், விலை ஏறும், பச்சைக் குழந்தைக்கு ரசாயனம் ஏற்றிய துணி என்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் விலகிப் போவார்கள். மிச்சம் இருந்தது ஒட்டிய அளவு. பையருக்கு விளக்கமாக எழுதினோம். அவர் ஒரு வாரம் பதில் போடவில்லை. பிறகு ஒத்துக்கொண்டு, ஃபிரிலை எடுத்துவிடவும் பேண்ட் அடியைக் குறுக்கவும் அனுமதி கொடுத்தார். இன்டர்லாக்கில் ஒட்டிய உடையைக் குழந்தைக்குப் போட்டுக் கழற்றுவது கஷ்டம் என்பதால், துணியை 1x1 ரிப் என்ற பின்னலுக்கு மாற்றினோம். அது இழுத்தால் நன்றாகக் கொடுக்கும்.

பொதுவான ஆடைத் தீ விதி ஒட்டிய உடைக்கும் பொருந்தும். ஆனால் ஒரு சதுர கெஜத்துக்கு 2.6 அவுன்ஸும் அதற்கு மேலும் எடையுள்ள, மேற்பரப்பில் மயிர் எழுப்பாத துணிக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கிராம் கணக்கில் அது சுமார் 88 ஜிஎஸ்எம். ரிப் அதைப்போல இரண்டு மடங்கு எடை என்பதால் அந்தக் கவலை தீர்ந்தது. பிரஷ் செய்த துணியாக இருந்திருந்தால் இந்த விலக்கு கிடைத்திருக்காது.

அளவு மேசையில் நடந்தது

இந்தக் கதையின் முக்கியமான பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பையர் அனுப்பிய புதிய ஸ்பெக் ஷீட்டில், சட்டப் பட்டியலில் இருந்த உச்ச அளவுகளை அப்படியே எடுத்து இலக்கு அளவாகப் போட்டிருந்தார். பக்கத்தில் வழக்கம்போல மார்புக்குக் கூட்டல் கழித்தல் அரை இஞ்ச் டாலரன்ஸ். பின்னலாடையில் இது சாதாரணம். வெட்டுவதில் கொஞ்சம், தைப்பதில் கொஞ்சம், துணி தளர்வதில் கொஞ்சம் என்று அளவு முன்னே பின்னே போகும். அதற்காகத்தான் டாலரன்ஸ். ஆனால் சட்டப் பட்டியலில் இருப்பது உச்ச அளவு. அதற்குக் கூட்டல் பக்கம் டாலரன்ஸே கிடையாது. உச்சத்தை இலக்காக வைத்தால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ஏறக்குறையப் பாதிப் பீஸ்கள் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். ஸ்பெக்குக்குள் இருக்கும், சட்டத்துக்கு வெளியே இருக்கும்.

கட்டிங் மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "கால் இஞ்ச், அரை இஞ்ச்செல்லாம் டாலரன்ஸ்ல போயிருமுங்க, இத்தனை வருசமா யாரும் கேட்டதில்லையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஐரோப்பிய டி-ஷர்ட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மார்பு இலக்கை உச்சத்திலிருந்து அரை இஞ்ச் கீழே இறக்கினோம். கூட்டல் பக்கம் கால் இஞ்ச், கழித்தல் பக்கம் அரை இஞ்ச் என்று டாலரன்ஸை மாற்றினோம். மற்ற ஆறு இடங்களுக்கும் அதே முறையில், அளவுக்குத் தக்கபடி குறைத்தோம். புதிய பேட்டர்னில் சாம்பிள் தைத்து, பட்டியலில் உள்ள வேறொரு லேபுக்கு அனுப்பி, அளவையும் சரிபார்க்கச் சொன்னோம். எல்லா இடமும் தேறியது. பல்க் கட்டிங் ஆரம்பித்தது.

லைனில் தைத்து வந்த பீஸ்களைச் செக்கிங் மேசையில் அளந்தபோதும் எல்லாம் சரியாகவே இருந்தது. பேக்கிங் பக்கம் போன பிறகு, ஒரு பெட்டியிலிருந்து சும்மா எடுத்து அளந்த இரண்டு பீஸ் மார்பில் உச்சத்தைத் தாண்டியிருந்தன. வேறு பெட்டிகளைப் பிரித்தோம். சிலதில் மார்பு, சிலதில் தொடை. எல்லாச் சைஸிலும் இல்லை, ஆனால் ஒதுக்கிவிடும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை.

செக்கிங்கில் சரியாக இருந்த பீஸ் பேக்கிங்கில் எப்படிப் பெருத்தது? நடுவில் இருப்பது அயர்னிங் மட்டும்தான். அங்கே போய் நின்று பார்த்தோம். அயர்னிங் செய்கிறவர்கள் பீஸை மேசையில் போட்டு, நீராவி விட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சதுரமாக்கி அமுக்கினார்கள். அது அவர்கள் பழக்கம். சுருங்கிய டி-ஷர்ட்டை அளவுக்குக் கொண்டுவருவது அப்படித்தான், அதற்காகவே அவர்களைப் பாராட்டியும் இருக்கிறார்கள். ரிப் துணியோ நீராவி பட்டதும் அகலவாக்கில் விரிந்துகொடுக்கும். இழுக்காமலே விரியும், இழுத்தால் சொல்லவே வேண்டாம். சாம்பிள் பீஸ்கள் லேபில் தேறியதற்குக் காரணமும் அங்கேயே தெரிந்தது. சாம்பிள் அறையில் டெய்லரே லேசாக இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பியிருந்தார்.

பேக்கிங்கை நிறுத்தினோம். அயர்னிங்கில் இழுப்பதைத் தடுத்து, பீஸை விரித்து வைத்து நீராவியை மட்டும் காட்டச் சொன்னோம். ஒரு இரவு அப்படியே அடுக்கி வைத்து, மறுநாள் காலை ஏழு இடத்தையும் மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் பெட்டி. ஒவ்வொரு சைஸுக்கும் உச்ச அளவில் வெட்டிய அட்டை ஒன்றை மேசையில் ஆணியடித்து வைத்தோம். பீஸ் அட்டையை விட அகலமாக இருந்தால் தனியாகப் போகும். டேப் பிடிக்கத் தெரியாத ஹெல்பரும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதில் வசதி. ஏற்கெனவே பேக் செய்தவற்றை மொத்தமாகப் பிரித்து நனைத்து, உலர்த்தி, மறுபடி அளந்தார்கள். பெரும்பாலானவை பழைய அளவுக்குத் திரும்பின. திரும்பாதவற்றில் பக்கத் தையலைப் பிடித்துக் குறைக்க முடிந்தவற்றைக் குறைத்தார்கள். மிச்சத்தை லேபிளை வெட்டிவிட்டு ஆர்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அச்சு மை

அளவுப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தபோதே அச்சு ரிப்போர்ட்டும் வந்தது. ஈயம் பரவாயில்லை. தாலேட்டில் ஒரு நிறம் தோற்றிருந்தது.

3 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை தூங்க உதவும் பொருள் எதுவோ அது குழந்தைப் பராமரிப்புப் பொருள் என்று சட்டம் சொல்கிறது. இரவு உடை அதில் அடங்கும். அதில் உள்ள பிளாஸ்டிக் பகுதிகளில் எட்டு வகைத் தாலேட்டுகள், ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அச்சுக்குப் பயன்படுத்தியது பிளாஸ்டிசால் மை, அதாவது பிவிசி பிளாஸ்டிக் கொண்ட மை. பிவிசியை மிருதுவாக்க அதில் பிளாஸ்டிசைசர் கட்டாயம் இருக்கும். அது எந்த வகை என்பதுதான் கேள்வி.

ஜாப் ஒர்க் பிரிண்டிங் யூனிட்டின் உரிமையாளர் மை டின்னோடு வந்த தாலேட் இல்லை என்ற சான்றைக் காட்டினார். போலி இல்லை, உண்மையான காகிதம்தான். பிறகு ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதனைக்கு அனுப்பினோம். உறுப்புகளைத் தனியாகச் சோதிக்க விதியே இடம் கொடுக்கிறது. மை சுத்தமாக இருந்தது. மை கெட்டியானபோது இளக்குவதற்கு ஊற்றிய ரெட்யூசரில்தான் விஷயம். அது பழைய ஸ்டாக், வேறு கடையில் வாங்கியது. மையைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் அதில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

4 முதல் 6 வயது சைஸ்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவற்றை அப்படியே அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. சட்டப்படி சரிதான். ஆனால் ஒரே ஸ்கிரீனில் ஓடிய சைஸ்களைப் பிரித்துக் கணக்கு வைப்பது அந்த யூனிட்டில் நடக்காத காரியம். எல்லாச் சைஸுக்கும் அந்த நெஞ்சுப் பேனல்களைக் கழித்து, தண்ணீர் சார்ந்த பிக்மெண்ட் மையில் புதிதாக அடித்தார்கள். கழித்தவற்றை எந்தக் குழந்தை உடைக்கும் போகாதபடி துண்டாக வெட்டி, எந்திரம் துடைக்கும் பனியன் வேஸ்ட்டாகப் போட்டார் முதலாளி. திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் விற்றால் ஏதோ கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

லேபிளும் சான்றிதழும்

ஒட்டிய இரவு உடைக்கு இரண்டு எச்சரிக்கை கட்டாயம். கழுத்து லேபிளில் சைஸுக்குக் கீழே, ஒட்டி அணியவும், தீத்தடுப்பு இல்லை என்ற பொருளில் ஒரு வரி. கூடவே மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஒரு தொங்கும் அட்டை. பையரின் டிசைனர் மஞ்சள் நிறம் பிராண்டுக்குப் பொருந்தவில்லை என்று இளஞ்சிவப்பில் அனுப்பினார். விதியின் பக்கத்தை இணைத்துத் திருப்பி அனுப்பியதும் அடங்கினார். பக்கத் தையலில் தயாரிப்பாளர், இடம், மாதம், பேட்ச் ஆகியவற்றைச் சொல்லும் தடமறியும் லேபிளையும் சேர்த்தோம்.

சான்றிதழை மெர்ச்சண்டைசர் முன்பே இணையத்தில் மாதிரி பார்த்து, தொழிற்சாலையின் பெயரில் தயாரித்து வைத்திருந்தார். அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். இறக்குமதியாளர் பெயரில், பொருளின் விவரம், பொருந்தும் விதிகள் ஒவ்வொன்றும், பதிவேடு வைத்திருப்பவரின் தொடர்பு, தைத்த இடமும் மாதமும், சோதித்த இடமும் தேதியும், ஆய்வகத்தின் பெயர் ஆகியவற்றோடு புதிய வரைவு போனது. விலக்கு பெற்ற பொதுத் தீ விதியையும் விட்டுவிடாமல், விலக்கு என்று குறித்து எழுதச் சொன்னோம். பையர் கையெழுத்திட்டார்.

பின்விளைவு

சரக்கு தூத்துக்குடியிலிருந்து ஒத்துக்கொண்ட தேதி கடந்து, ஆர்டர் செய்த எண்ணிக்கையை விடக் குறைவாகத்தான் போனது. தாமதத்துக்குப் பையர் விலையில் பிடித்தம் செய்தார். மறு அச்சு, மறு சோதனை, பிரித்து அடுக்கிய கூலி எல்லாம் சேர்ந்து இந்த ஆர்டரில் லாபம் இல்லை என்று முதலாளியே சொன்னார். சுங்கத்தில் எந்தக் கேள்வியும் வரவில்லை. பையர் அடுத்த சீசனுக்கும் ஆர்டர் கொடுத்தார்.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. வாங்கியவர்களில் பலர், உடை இறுக்கமாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு சைஸ் பெரிதாக வாங்கவும் என்று விற்பனைப் பக்கத்தில் போடலாமா என்று பையர் கேட்டார். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் ஒட்டிய உடை தொங்கிய உடையாகிவிடும். எதற்காக இந்த அளவுப் பட்டியலே இருக்கிறதோ அந்தக் காரணம் போய்விடும். வேண்டாம் என்று எழுதினோம். அவர் என்ன செய்தார் என்று பார்த்துச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

அடுத்த ஆர்டரில் மாறியவை

ஆர்டர் ஒத்துக்கொள்ளும் முன்பே இது இரவு உடையா என்ற கேள்வி எழுத்தில் போகிறது, பதிலும் எழுத்தில் வர வேண்டும். சோதனைச் செலவும் அதற்கான நாட்களும் காஸ்டிங்கில் தனி வரியாக வருகின்றன. லேபுக்குப் போகும் சாம்பிளைச் சாம்பிள் அறை தருவதில்லை. அயர்னிங் முடித்த பல்க் பீஸிலிருந்து செக்கிங் ஆள் எடுத்துத் தருகிறார். பிரிண்டிங் யூனிட்டிடம் மையின் பெயரோடு ரெட்யூசர், பைண்டர் என்று கலக்கும் அனைத்தின் பெயரும் வாங்கப்படுகிறது. துணி, மை, பிரஸ் பட்டன் என்று எதில் மாற்றம் வந்தாலும் அந்தப் பகுதிக்கு மறு சோதனை. மாற்றம் இல்லாவிட்டாலும் தொடர்ந்து ஓடும் மாடலுக்கு வருடம் ஒருமுறை சோதனை.

பிரஸ் பட்டன் என்றதும் ஒன்று. சிறு உறுப்புகள் பற்றிய விதியில் குழந்தை உடையின் பட்டன்கள் விலக்கப்பட்டிருக்கின்றன. அதை நம்பிப் புதிய மாடலில் இழுப்புச் சோதனையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். கழன்று வந்த பட்டன் தொண்டையில் சிக்கும் ஆபத்து என்று திரும்பப் பெறப்பட்ட உடைகளும் உண்டு. அதனால் பையர் கேட்காவிட்டாலும் செய்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. இதுவரை சிபிசி கேட்டால் காட்டும் காகிதமாக இருந்தது. 2026 ஜூலை 8 முதல் அதன் விவரங்களை இறக்குமதியாளர் சுங்கப் பதிவோடு மின்வழியில் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. தைத்த இடம், மாதம், சோதனைத் தேதி, லேபின் அடையாளம் எல்லாம் சரக்கு போய்ச் சேரும்போது தயாராக இருந்தாக வேண்டும். அதற்காக இந்த நிறுவனம் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தாள் போட்டு, கட்டிங் தொடங்கும் நாளிலிருந்தே நிரப்பிக்கொண்டு வருகிறது. அதைப் பார்த்துக்கொள்வது அதே மெர்ச்சண்டைசர்தான்.